தீவுக் கிணற்றில் நன்னீரைக் காத்து வாழ்வது எப்படி

ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத் தீவகத்தின் எந்தக் கிணற்றடிக்குப் போனாலும், வாளி இறங்கும் ஓசையை வைத்தே தண்ணீரின் நிலையைச் சொல்லிவிடலாம். தை மாதத்தில் இரண்டு மூன்று முழத்தில் தண்ணீரைத் தொட்ட வாளி, இப்போது கயிற்றின் கடைசி முடிச்சு வரை இறங்கி, அடிக்கல்லில் மோதி, அரைவாசி கலங்கலோடு மேலே வரும். புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வசிப்பவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் நீண்ட காலம் வெளியூரில் இருந்துவிட்டுப் பூட்டிய வீட்டைத் திறந்து குடியேற வருபவர்களும், திருமணம் செய்து தீவுக்கு வருபவர்களும், பணி மாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களும் இந்த மாதங்களில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் மணலிலும் இறங்கித் தங்குகிறது. நம்முடைய நன்னீர் முழுவதும் அதுதான். தீவின் நாற்புறமும் கடல் என்பதால், நிலத்துக்கு அடியிலும் உவர்நீர் பரவி நிற்கிறது. மழைநீர் அந்த உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது பொதுவான கணக்கு. இந்த நன்னீர்ப் படை தீவின் நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த சவர்ப் படை, அதாவது ஓரளவு உப்பான நீர்ப்படை, ஒன்றும் இருக்கும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் நாம் அஞ்ச வேண்டியது. மேலே நன்னீரின் மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே இருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறிவிடும். கிணற்றை வேகமாக இறைக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் உவர்நீர் கூம்பு போல் எழுந்து வருகிறது. புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனவர்கள், மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். தீவில் உள்ள ஒவ்வொரு கிணறும் அளவில் சிறிய நிலாவரைதான்.

ஆகவே தண்ணீர் வற்றும்போது கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கடும் கோடையில் எங்கள் வீட்டுக் கிணற்றின் அடிப்பாறையை மூன்று முழம் வெட்டினோம். முதல் கிழமை தண்ணீர் தாராளமாக வந்தது. அயலவர்களையும் அழைத்து அள்ளக் கொடுத்தோம். மூன்றாம் கிழமை ஒரு காலையில் அம்மா தேநீரை வாயில் வைத்தவர், ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்று தொடங்கிய சவர் அடுத்த மாரி பெய்தும் போகவில்லை. பின்னர் வெட்டிய குழியைக் கல்லும் மணலும் இட்டு நிரப்பி, மோட்டரைக் கழற்றி வைத்து, வாளியால் மட்டும் அள்ளி வந்தோம். மூன்று மாரி கடந்த பிறகே அந்தத் தண்ணீரில் மறுபடியும் தேநீர் போட முடிந்தது. குழாய்க் கிணறு அடிப்பது இதைவிட ஆபத்தானது. தீவில் ஆழம் என்பது பெரும்பாலும் உவர்நீரை நோக்கிய வழி. தண்ணீர் போதாவிட்டால் கிணற்றை அகலப்படுத்துவது பற்றி யோசிக்கலாம். அகன்ற, ஆழம் குறைந்த கிணறு நன்னீரின் மேற்பரப்பில் இருந்து மெதுவாக ஊறி எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் மணற்பாங்கான இடங்களில் பூவல் எனப்படும் ஆழமற்ற ஊற்றுக்குழி தோண்டி அள்ளியதும் இதே அறிவினால்தான். வேலணையின் சாட்டிப் பகுதியில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கும் அங்குள்ள மணல் மழையை உறிஞ்சி வைத்திருப்பதே காரணம்.

அடுத்தது, இறைக்கும் முறை. துலாவும் கப்பியும் இருந்த காலத்தில் மனிதரின் கைப்பலமே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இன்று அரைக் குதிரைவலு மோட்டர்கூட ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லீற்றருக்கு மேல் இழுத்துவிடுகிறது. மோட்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. முதுகு வலிக்கும் முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் தீவில் ஏராளம். ஆனால் ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாமல், காலையில் பத்து நிமிடம், மத்தியானம் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்து இறையுங்கள். கிணற்றின் உட்சுவரில் பெயின்டால் அடையாளம் இட்டு, ஒரு தடவை இறைத்ததில் மட்டம் ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் நிறுத்திவிட்டு, அது பழைய இடத்துக்கு ஊறி வரும் வரை காத்திருங்கள். மோட்டரின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்குவது எல்லோரும் செய்யும் தவறு. மூடியை இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றை மிதக்க விட்டு, வளையக்கூடிய குழாயின் வாயை அதில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே நிற்கும்படி தொங்க விடுங்கள். மட்டம் இறங்க இறங்க கானும் குழாயும் சேர்ந்து இறங்கும். எப்போதும் மேல்தண்ணீரே வரும். இதற்குச் செலவு மிகக் குறைவு, பலனோ மிகப் பெரிது.

பூட்டிக் கிடந்த வீட்டின் கிணற்றைத் துப்புரவு செய்ய விரும்புபவர்கள், வந்த கையோடு ஆடி, ஆவணியில் ஒட்ட இறைத்துக் கலக்க வேண்டாம். மாரி முடிந்து மட்டம் நிறைந்திருக்கும் தை, மாசியில், ஒரு நாளைக்குக் கொஞ்சமாகச் சில நாட்களில் இறைத்து, அடியில் உள்ள சருகையும் சேற்றையும் வாளியால் அள்ளுவதே பாதுகாப்பு.

தண்ணீர் சவராக மாறுகிறதா என்பதை நாக்கே முதலில் சொல்லும். குளோரைட் ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது பெரும்பாலானோருக்கு உப்புச் சுவை தெரியத் தொடங்கும். ஆனால் நாள்தோறும் குடிப்பவரின் நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடுவதால், வெளியிலிருந்து வந்த விருந்தாளி முகம் சுளிக்கும் வரை நமக்குத் தெரிவதில்லை. பருப்பு நெடுநேரம் அவியாமல் நிற்பதும், சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், கேத்தலின் உள்ளே வெள்ளைப் படிவு தடிப்பதும் தண்ணீரின் கடினத்தன்மையைக் காட்டும் அடையாளங்கள். கரைந்த திண்மங்களை அளக்கும் பேனை போன்ற சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். அது லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் குடிப்பதற்கு நல்ல சுவை. 1000ஐத் தாண்டினால் பெரும்பாலானோருக்குக் குடிக்க மனம் வராது. கிழமைக்கு ஒரு தடவை ஒரே நேரத்தில் அளந்து கலண்டரில் குறித்து வையுங்கள். எண் ஏறத் தொடங்கினால், அதுவே இறைப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டிய நாள்.

ஆனால் அந்தக் கருவி நைத்திரேற்றையோ கிருமிகளையோ காட்டாது. தோட்டத்து உரத்தில் இருந்தும் மலக்குழிகளில் இருந்தும் நைத்திரேற்று கிணறுகளுக்கு வருவது குடாநாடு முழுவதும் அறியப்பட்ட பிரச்சினை. உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைக் கடந்த தண்ணீர் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசன் செல்வதைத் தடுத்து உடலை நீலம் பாயச் செய்யக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்றும் உப்பும் போகமாட்டா, தண்ணீர் வற்றுவதால் அவற்றின் செறிவு இன்னும் கூடும். பால்மா கரைத்துக் கொடுக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். இதில் தயக்கமே வேண்டாம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் அழுக்கு வடிகட்டப்படாமலே ஓடிவிடும் என்பதால், காணியில் இடம் இருந்தால் அதைவிடத் தள்ளி அமையுங்கள். அயல்வீட்டுக் கிணற்றுக்கு உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள்.

இனி, வீட்டுக்குள் தண்ணீரைப் பங்கிடும் வகை. தீவு வீட்டில் தண்ணீர் ஒன்றன்று, மூன்று: குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், குளிக்கவும் தோய்க்கவும் ஓரளவு சவர்த்தண்ணீர், மலசலகூடத்துக்கு எந்தத் தண்ணீரும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு எட்டு லீற்றர் போதும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 40 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் இரண்டு. இந்த இரண்டு கானையும் குசினியில் தனியாக வைத்து, அவற்றில் இருந்து வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், பழகிவிட வேண்டும். குளிப்பவர் சவர்த்தண்ணீரில் குளித்துவிட்டுக் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் உடம்பில் பிசுபிசுப்பு நிற்காது; தலைமயிரும் சிக்குப் பிடிக்காது. சவர்த்தண்ணீரில் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் நன்றாக நுரைக்கும். மீனை முதலில் கடல்நீரில் அல்லது சவர்த்தண்ணீரில் கழுவி, கடைசியாக மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அலசலாம். கரையில் மீன் வாங்குபவர்கள் அங்கேயே துப்புரவு செய்து கொண்டுவருவது இன்னும் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீர் தென்னைக்கும் போகட்டும். கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் பாய்வது நம்முடைய பழைய ஒழுங்கு. ஆனால் அது திரும்பவும் கிணற்றுக்குள் ஊறாதபடி, கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சீமெந்துத் தளமும், தள்ளிப்போகும் வாய்க்காலும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் இருப்பதைச் சிக்கனமாகச் செலவிடும் வழி. உண்மையில் கையில் தண்ணீரைச் சேர்த்துத் தருவது கூரைதான், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர், அதாவது சுமார் 540 சதுர அடிக் கூரையில், மாரி மூன்று மாதத்தில் 600 மில்லிமீற்றர் மழை பெய்வதாகக் கொள்வோம். சிதறியும் ஆவியாகியும் போவது ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 24,000 லீற்றர் மிஞ்சும். மேலே சொன்ன ஐந்து பேர் வீட்டுக்கு, மாசி தொடக்கம் புரட்டாசி வரையான எட்டு மாதத்துக்கு, நாளுக்கு 40 லீற்றர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது 10,000 லீற்றருக்கும் குறைவு. ஆகவே கூரையும் மழையும் போதாமல் இல்லை. போதாமல் இருப்பது தாங்கி. கையில் காசு இருக்கும்போது இரண்டாவது மோட்டர் வாங்க நினைப்பவர், அந்தக் காசைச் சீமெந்துத் தாங்கிக்குப் போடட்டும். கம்பி வலை வைத்துக் கட்டும் 5,000 அல்லது 8,000 லீற்றர்த் தாங்கிகள் இலங்கையில் பல இடங்களில் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டத் தெரிந்த மேசன்மாரும் இருக்கிறார்கள். முழுத்தொகை இல்லாதவர்கள் ஆயிரம் லீற்றர்க் கறுப்புத் தாங்கி ஒன்றில் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கலாம்.

புரட்டாசி பிறந்ததும் கூரையில் ஏறி, சருகு, காக்கை எச்சம், தூசு எல்லாவற்றையும் கூட்டிவிட்டுப் பீலியைத் துடையுங்கள். பீலி தாங்கி இருக்கும் பக்கமாகச் சிறிது சரிந்திருக்க வேண்டும். இடையில் தொய்ந்து தண்ணீர் தங்கினால் அதுவே நுளம்புக்குத் தொட்டில். சோளகக் காற்று மாதக்கணக்கில் வீசியதால் கூரையில் மண்ணும் கடல் உப்பும் படிந்திருக்கும். ஆகையால் முதல் ஓரிரு மழையைத் தாங்கிக்கு விடவே கூடாது. பின்னர் ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதற்குப் பீலியில் இருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை வைத்து, அடியில் மூடியிட்ட நீளமான குழாய்த் துண்டு ஒன்றைத் தொங்க விட்டால், அழுக்குத் தண்ணீர் முதலில் அதற்குள் நிறைந்து, அதன்பின் வரும் தெளிந்த நீர் தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் அடிமூடியைத் திறந்து அழுக்கை வடியவிடுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள், மழை தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் குழாயைக் கையால் தாங்கிக்குத் திருப்பலாம்; அப்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாங்கியின் வாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் நுளம்பு புகாத வலை கட்டாயம். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை அளவில் ஆகிவிடும். ஆகவே மூடியில்லாத வாளி, பரல், அண்டா எதுவாக இருந்தாலும் கிழமைக்கு ஒரு தடவை வெறுமையாக்கி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும். வெயில் தாங்கிக்குள் புகாதபடி மூடினால் பாசியும் பிடிக்காது.

தாங்கியும் கிணறும் கைவிட்ட நாட்களில் பவுசரில் வரும் தண்ணீரை நம்பியே இருக்க நேரும். தாம்போதியால் இணைந்த தீவுகளுக்கு அது தெருவால் வந்துவிடும். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு போன்ற இடங்களில் கடலில் எழும் காற்றே பல ஒழுங்குகளைத் தீர்மானிக்கிறது. ஆகவே அங்குள்ளவர்கள் எப்போதும் ஒரு கிழமைக்கான குடிநீரைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்: ஐந்து பேருக்கு 280 லீற்றர், அதாவது 14 கான். வாங்கும் தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும், பிடிக்கும் பரல் அழுக்காக இருந்தால் பயனில்லை. பரலை முதல்நாளே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கோப்பையைக் கைவிட்டு அமிழ்த்தி அள்ளாமல், பிடியுள்ள அகப்பையாலோ குழாய் பொருத்தியோ எடுங்கள். ஐயமான தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தாங்கிக்கும் கிணற்றுக்கும் குளோரின் இட விரும்பினால், தெளிந்த நீருக்கு ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் வெளிற்றும் தூள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்து அடி அகலமான வட்டக் கிணற்றில் மூன்று அடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 6,700 லீற்றர். ஆக 17 கிராம் அளவு போதும். தூளை நேரே கொட்டாமல், ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல்தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பழைய தூளில் வலு குறைந்திருக்கும் என்பதாலும், கலங்கல் நீருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதாலும், முதல் தடவை சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்வது நல்லது.

உப்பகற்றும் இயந்திரங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. தீவுகளிலும் சிறிய நிலையங்கள் சனங்களுக்குக் கைகொடுக்கின்றன. வீட்டுக்கென்று சிறிய கருவி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தரும்போது, அதைவிடக் கூடுதலான உவர்நீரை வெளியே தள்ளும். அந்தக் கழிவை மலசலகூடத்துக்குப் பயன்படுத்துங்கள். கிணற்றடியில் ஊற்றாதீர்கள், கிணற்றுக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

ஒரு வீடு தனியே சிக்கனமாக இருப்பதால் மட்டும் கிணறு தப்பாது, ஏனென்றால் நான் அள்ளுவதும் அயலவர் அள்ளுவதும் ஒரே படையில் இருந்துதான். வேலிக்கு அந்தப் பக்கம் இரவிரவாக மோட்டர் ஓடினால் இந்தப் பக்கத்துத் தண்ணீரும் சவராகும். ஆகவே தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து இருந்து, நல்ல தண்ணீர்க் கிணறு எது, அதில் மோட்டர் வேண்டாம், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று பேசி முடிவு செய்வது கோடைக்கு முன்னரே நடக்க வேண்டும். வற்றிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். அதேபோல் குளங்களும் கேணிகளும் நம் ஊர்களில் மாடு குளிக்க மட்டும் வெட்டப்பட்டவை அல்ல; அவற்றில் நிற்கும் தண்ணீர்தான் மெல்ல இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை ஊறச் செய்கிறது. ஆவணி, புரட்டாசியில் குளம் வற்றிக் கிடக்கும்போது தூர்வாருங்கள். குளத்துக்கு வரும் வாய்க்காலில் கட்டப்பட்ட மதிலையும் கொட்டப்பட்ட குப்பையையும் அகற்றுங்கள். வயல் வரம்புகளை ஐப்பசிக்கு முன் உயர்த்தினால், ஓடிக் கடலில் விழும் மழை அங்கேயே நின்று இறங்கும். காணிக்குள் கூரையில் இருந்து வழியும் மிகுதி நீரைக் கல்லும் மணலும் நிரப்பிய குழி ஒன்றுக்குள் விடலாம். மலக்குழிக்கு அருகில் மட்டும் வேண்டாம்.

மழை தொடங்கிய முதல் நாட்களிலும் அவசரப்பட வேண்டாம். ஐப்பசியின் முதல் மழைக்குக் கிணற்று மட்டம் ஏறுவதைக் கண்டதும், மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த வேலைகளை எல்லாம் ஒரே நாளில் முடிக்க மனம் வரும். அந்தத் தண்ணீர் மேலிருந்து அழுக்கையும் கழுவிக்கொண்டே இறங்குகிறது, நன்னீர்ப் படையும் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. கார்த்திகை நடுப்பகுதி வரை கோடையில் அள்ளிய அளவே அள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் நீங்கள் இட்ட அடையாளத்தைத் தண்ணீர் தாண்டி, அளக்கும் கருவியின் எண் இரண்டு கிழமை தொடர்ந்து இறங்கிய பிறகு, தோய்க்கும் உடுப்பைக் கிணற்றடிக்குக் கொண்டு போகலாம்.